வார் நிற்கும், நெஞ்சு நிற்குமா?

மாலை நேரத்தில் வெள்ளவத்தைச் சந்தைக்கு அருகே காலி வீதியோரம் சற்று நின்றால், கொழும்பில் நாய்கள் காரில் எப்படிப் பயணம் செய்கின்றன என்பது தெரிந்துவிடும். சில நாய்கள் சாரதியின் மடியில் இருக்கும். சில முன் ஆசனத்தில் இருப்பவரின் அணைப்பில் இருக்கும். மற்றவை பின் ஆசனத்தில் நின்றபடி, பாதி இறக்கிய கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு போகும். முன் ஆசனத்தில் இருப்போர் ஆசனப்பட்டி அணிய வேண்டும் என்பது இலங்கையில் 2011 ஆம் ஆண்டு கட்டாயமானது. பின்னால் அமர்ந்திருக்கும் அம்மாவிடம் பட்டியைப் போடச் சொன்னால், "என்ன, பிளேனிலையோ போறம்?" என்று கேட்கும் குடும்பங்களில், நாய்க்குப் பட்டி வாங்குவது சிரிப்புக்குரிய காரியம்தான். எங்கள் வீட்டிலும் சிரித்தார்கள். சிரிக்காதவர் சித்தப்பா மட்டுமே. போக்குவரத்துச் சபையின் டிப்போ ஒன்றில் வேலைத்தள மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் நாய் பிரவுணிக்காக நான் வாங்கி வந்திருந்த, நெஞ்சைச் சுற்றி அணிவிக்கும் ஹார்னஸையும், அதை ஆசனப்பட்டியின் பூட்டில் செருகுவதற்கான குட்டை வாரையும் கையில் வாங்கி, இரு பக்கமும் இழுத்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, அடிபட்டால் இந்த வார் நிக்கும் எண்டு வைப்பம். நாயின்ரை நெஞ்சு நிக்குமோ?" என்று கேட்டார்.

சிரித்தவர்களுக்குப் பதில் சொல்வது எளிது. கட்டாத நாய் சாரதியின் காலடிக்குள் புகுந்துவிடும். திடீரென்று பிரேக் பிடித்தால் முன்னால் இருப்பவரின் கழுத்தில் வந்து மோதும். விபத்து நடந்து கதவு திறந்தால் பயந்து வீதிக்குள் ஓடும். நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். சித்தப்பாவின் கேள்வி வேறு. நாயைக் கட்டுவது நல்லதா என்று அவர் கேட்கவில்லை. கட்டிய கட்டே அதைக் கொன்றுவிடாதா என்று கேட்டார். வாரைக் கடையில் தெரிவு செய்தபோது நிறம், அளவு, விலை ஆகியவற்றைப் பார்த்திருந்தேனே தவிர, இந்தக் கோணத்தில் யாரும் எனக்கு எதையும் சொல்லியிருக்கவில்லை. பொதியின் அட்டையிலும் 'பாதுகாப்பு' என்று பெரிய எழுத்தில் இருந்ததைத் தவிர ஒன்றுமில்லை. எத்தனை கிலோ நாய்க்கு, எத்தனை கிலோமீற்றர் வேகத்துக்கு, எந்த விதமாகச் சோதித்தார்கள் என்ற விபரம் அதில் எங்கும் இல்லை.

கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பௌதிகவியலே இதற்குப் போதும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் சென்று ஒரு சுவரில் மோதுவதும், ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து நிலத்தில் விழுவதும் ஒரே வேகம்தான். எங்கள் தொடர்மாடியில் அது மூன்றாம் மாடி. பிரவுணி 18 கிலோ. காரின் முன்பகுதி நசுங்கி அரை மீற்றர் தூரத்துக்குள் வண்டி நின்றுவிடுகிறது என்றும், நாய் வண்டியோடு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது என்றும் வைத்துக்கொண்டால், பட்டி தாங்க வேண்டிய சராசரி விசை சுமார் 350 கிலோ எடைக்கு ஒப்பானது. அது நாயின் எடையைப் போல் 20 மடங்கு. உச்ச விசை இதிலும் அதிகமாக இருக்கும். இதுவும் வாரில் தொய்வு இல்லாதபோதுதான். வார் ஓரடி தொய்ந்திருந்தால், வண்டி நிற்கத் தொடங்கிய பிறகும் நாய் அதே வேகத்தில் அந்த ஓரடியைக் கடக்கும். பிறகு வாரின் சில அங்குல இழுவைக்குள் அது நின்றாக வேண்டும். நிற்கும் தூரம் குறையக் குறைய விசை அதே விகிதத்தில் ஏறும். நாய்க்கு வசதியாக இருக்கட்டும் என்று நாம் விடும் நீளமே அதன் விலா எலும்பின் மேல் பாரமாக இறங்குகிறது. சித்தப்பாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருந்தது, அதுவும் அவருக்குச் சாதகமாக.

இதே கேள்வியை அமெரிக்காவில் ஒருவர் முறைப்படி ஆராய்ந்திருக்கிறார். வேர்ஜீனியாவைச் சேர்ந்த லின்ட்சி வோல்கோ என்ற பெண்மணி, தன் நாய் ஹார்னஸ் அணிந்திருந்தும் காரில் காயப்பட்டதைக் கண்ட பின்னர், 2011 இல் சென்ரர் ஃபோர் பெட் சேஃப்ரி என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தொடங்கினார். உண்மையான நாய்களைப் பயன்படுத்தாமல், நாயின் உருவமும் எடையும் கொண்ட சோதனைப் பொம்மைகளைச் செய்து, குழந்தை ஆசனங்களுக்கான அமெரிக்க நியமத்தைத் தழுவி, மணிக்கு 30 மைல் வேகத்தில், அதாவது சுமார் 48 கிலோமீற்றரில், அவற்றை மோதவிட்டார்கள். சுபாரு நிறுவனத்தின் உதவியோடு 2013 இல் நடந்த பெரிய சோதனையில், சுமார் 11, 20, 34 கிலோ எடையுள்ள மூன்று பொம்மைகள் இருந்தன. மோதல் சோதனை வரை வந்த ஏழு ஹார்னஸ்களில், எல்லா அளவிலும் நம்பத்தக்கதாக நின்றது ஸ்லீப்பிபொட் நிறுவனத்தின் கிளிக்கிட் யுட்டிலிட்டி ஒன்றுதான். சோதனைக் காணொளிகளை மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போது, சிலவற்றில் கொக்கி உடைந்து பொம்மை முழுதாகப் பறந்து போகிறது. அவற்றைவிட என்னை உறுத்தியவை, எதுவும் உடையாதவை. வார் பிடித்துக்கொள்கிறது, ஆனால் பொம்மை முன்னால் வழுகி, ஹார்னஸ் கழுத்துக்கு ஏறி, உடம்பு காற்றில் திருகுகிறது. அங்கே வார் நின்றது, நாய் நிற்கவில்லை.

பஞ்சிகாவத்தையில்

பிரவுணியின் ஹார்னஸைத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. நல்ல துணி, நல்ல அளவு. தையலைப் பலப்படுத்தினால் போதுமோ என்ற எண்ணத்தில் அதைப் பஞ்சிகாவத்தைக்குக் கொண்டு போனேன். வாகன உதிரிப்பாகக் கடைகளுக்கு நடுவே, ஆசன உறை தைக்கும் குஷன் கடை ஒன்று இருக்கிறது. எங்கள் வகன் ஆரின் ஆசனங்களுக்கு அங்கேதான் உறை தைத்தோம். அந்தக் கடைக்கார நானா லொறிக்குத் தார்ப்பாயும் தைப்பார், முச்சக்கரவண்டிக்கு ஹூட்டும் தைப்பார். ஹார்னஸை வாங்கியவர் முதலில் அதை உள்வெளியாகப் புரட்டினார். நான் ஒருபோதும் பார்க்காத பக்கம் அது. முதுகில் இருந்த இரும்பு வளையத்தில் பெருவிரலை மாட்டி, அந்த வளையத்தைப் பிடித்திருக்கும் துணி எங்கே போகிறது என்று விரலாலேயே தொடர்ந்து போனார். வளையத்தைச் சுற்றி மடித்த நாடா, ஒன்றரை அங்குல நீளத்துக்கு இரண்டு கோடு தையலில் முடிந்தது. அந்தத் தையல் பிடித்திருந்தது அகலமான நைலோன் நாடாவை அல்ல, அதற்கு மேல் அழகுக்காகப் போர்த்தியிருந்த வலைத்துணியை. நைலோன் நாடா தனியாகக் கீழே ஓடி, நெஞ்சின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் கிளிப்பில் முடிந்தது.

"மிஸ், இந்த நாடா அறாது. நூல்தான் போகும்" என்றார். பிறகு கிளிப்பைச் சொடுக்கித் திறந்து, "நூல் போகாட்டி இது போகும். இஸ்கூல் பேக்ல போடுற கிளிப் இது" என்றார். அவருடைய மேசைக்குக் கீழே ஏதோ பழைய காரிலிருந்து கழற்றிய ஆசனப்பட்டி கிடந்தது. அதை எடுத்து அதன் நுனியைக் காட்டினார். பூட்டுக்குள் போகும் இரும்பு நாக்கின் வழியே பட்டி நடுவில் தையலே இல்லாமல் ஓடுகிறது. வண்டியின் உடலோடு சேரும் நுனியில் மட்டும், தடித்த நூலில், பல வரிசையாக, நெருக்கமான பின்னல் போன்ற தையல். கார் ஆசனப்பட்டியின் நாடா குறைந்தது 14.7 கிலோநியூட்டன் இழுவையை, அதாவது ஏறத்தாழ ஒன்றரை தொன்னைத் தாங்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் 16 ஆம் இலக்க வாகன ஒழுங்குவிதி சொல்கிறது. அந்த எண்ணை நான் படித்திருந்தேன். ஆனால் நாடா எத்தனை பலமாக இருந்தாலும், பாரம் நாடாவிலிருந்து வேறொன்றுக்குக் கைமாறும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்பதை அந்த மேசையில்தான் கண்டேன்.

அவரிடமே அப்படி ஒன்றைத் தைத்துத் தரக் கேட்டேன். மறுத்துவிட்டார். வேலை கைநிறைய இருந்ததால் மறுக்கவில்லை என்பது அவர் பேசிய விதத்தில் தெரிந்தது. "லொறி தார்ப்பாய் மாதிரி இறுக்கமா தைச்சித் தாறது லேசு மிஸ். நாய்க்கு எந்த எலும்பு எவ்வளவு தாங்கும் எண்டு எனக்குத் தெரியாதே. நான் தைக்கிறது அறாது, அது நாய அறுத்துப் போடும்" என்றார். சித்தப்பா கேட்டதையே வேறொரு தொழில்காரர் வேறொரு முனையிலிருந்து சொல்லக் கேட்டபோது, பலமான பட்டியைத் தேடுவதை நான் நிறுத்தினேன். பாரம் நாயின் உடம்பில் எங்கே, எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பதைத் தேடத் தொடங்கினேன்.

அதன் பிறகு கடைகளில் ஹார்னஸைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. கையில் எடுத்தவுடன் உள்ளே புரட்டுகிறேன். ஆசனப்பட்டி எந்த இடத்தில் சேர்கிறதோ அங்கிருந்து நாயின் மார்பெலும்பு வரைக்கும், ஒரே நாடா அறாமல் ஓடுகிறதா என்று விரலால் தொடர்கிறேன். நடுவில் பிளாஸ்டிக் வந்தால், அது எவ்வளவு தடிப்பாக இருந்தாலும், அந்தப் பொருளை நடைக்கான ஹார்னஸ் என்றே கணக்கில் எடுக்கிறேன். நெஞ்சில் படும் பகுதி அகலமாகவும், மெத்தென்றும், மார்பெலும்பின் மேல் நேராகவும் அமர வேண்டும். தொண்டையின் குறுக்கே ஒரு நாடாவும் போகக் கூடாது. இழுக்கும் நாயைத் திருப்புவதற்காக முன்மார்பில் வளையம் வைத்தவை நடைக்கு மிக நல்லவை. காரில் அந்த வளையத்தை எதற்கும் பயன்படுத்த முடியாது. கழுத்துப்பட்டியில் நேரடியாக வாரை மாட்டுவது பற்றி எழுதவே வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் அண்மையில் ஒரு கடையில், கழுத்துப்பட்டியில் மாட்டுவதற்கென்றே படம் போட்ட வார் தொங்கியது.

வாரைப் பற்றியும் சற்றுச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே பெரும்பாலும் விற்கப்படுவது அதுதான். ஒரு முனையில் பூட்டுக்குள் செருகும் இரும்பு நாக்கும், மறுமுனையில் கொக்கியும், நடுவில் நீட்டிக் குறுக்கும் நாடாவும் இருக்கும். அந்த நாக்கு எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் என்று அட்டை சொல்லும். வண்டிக்கு வண்டி பூட்டு மாறும். 'கிளிக்' என்ற சத்தம் கேட்டாலும், பலமாக இழுத்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும். பிரவுணிக்கு இன்னொரு கெட்டித்தனமும் உண்டு: திரும்பிப் படுக்கும்போது முன்னங்காலால் சிவப்புப் பொத்தானை அமுக்கிப் பூட்டைத் திறந்துவிடுகிறாள். இலாஸ்டிக் வைத்த வார்கள் நாய்க்கு இதமாக இருக்கும் என்று விற்கிறார்கள். சிறு குலுக்கலுக்கு அது உண்மை. மோதலில் அந்த இழுவை, நாயை முன் ஆசனத்தின் முதுகில் கொண்டுபோய் மோதவே உதவும். வண்டியின் இரு பக்கத்துக்கும் குறுக்கே கயிறு கட்டி அதில் நாயை ஓடவிடும் வகையையும், நீட்டிப்பு வார்களையும் தவிர்க்கும்படி மேலே சொன்ன அமெரிக்க அமைப்பும் அறிவுறுத்துகிறது.

நகரத்துக்கு ஒன்று, அதிவேகப் பாதைக்கு ஒன்று

இப்படியெல்லாம் எழுதினாலும் அந்தக் கொழும்புக் கடை ஹார்னஸ் இன்றும் எங்களிடம் பயன்பாட்டில் இருக்கிறது. வெள்ளவத்தையிலிருந்து நுகேகொடையில் உள்ள மிருக வைத்தியரிடம் போகும் பாதையில், காலை நேரமாக இருந்தால், வண்டி மணிக்கு 30 கிலோமீற்றரைத் தொடுவதே அபூர்வம். அங்கே எனக்குத் தேவைப்படுவது, பஸ் ஒன்று குறுக்கே வெட்டும்போது பிரவுணி ஆசனத்திலிருந்து கீழே விழாமல் இருப்பதும், என் தோளுக்கு மேலால் முன்னே பாயாமல் இருப்பதும்தான். அந்த அளவுக்குக் குட்டை வாரும் நடை ஹார்னஸும் போதும். வாரை, அவள் இருக்கவும் படுக்கவும் முடியும், ஆசனத்தின் விளிம்பைத் தாண்ட முடியாது என்ற அளவுக்குக் குறுக்கி வைத்திருக்கிறேன். இது தடுப்பு, பாதுகாப்பு என்று இதற்குப் பெயர் வைக்க மாட்டேன். ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் அதிகமானோர் வீதி விபத்துகளில் இறக்கும் நாட்டில், தடுப்பு என்பதே அற்பமான விடயம் அல்ல. கவனம் சிதறாத சாரதி, நாய்க்கு மட்டுமல்ல, வீதியைக் கடப்பவருக்கும் வேண்டியவர்.

தெற்கு அதிவேகப் பாதை வேறு கதை. கொட்டாவையில் ஏறிக் காலிக்குப் போகும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் 100 கிலோமீற்றர். வேகம் இரட்டித்தால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும். அமெரிக்கச் சோதனைகளில் வென்ற ஹார்னஸ்கூட அந்த வேகத்தில் சோதிக்கப்பட்டதல்ல. ஆகவே அந்தப் பாதைக்கு, மோதல் சோதனையில் சான்று பெற்ற ஒன்றாவது வேண்டும் என்றும், அதை அணிவித்தாலும் இடப்பக்க ஒழுங்கையில் 80 ஐத் தாண்டுவதில்லை என்றும் வீட்டில் முடிவெடுத்தோம். வாங்குவது எப்படி? கொழும்புத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்கென்று ஒரு நிரந்தரமான வழி இருக்கிறது: ரொறன்ரோவிலிருந்து லீவுக்கு வரும் அக்காவின் பெட்டி. சொக்லேட்டுக்கும் பெர்ஃபியூமுக்கும் நடுவில் உடுப்புப் போன்ற நாய் ஹார்னஸ் வருவதை அத்தான் இரசிக்கவில்லை. விலையும் இங்கே வாங்கியதைவிடப் பல மடங்கு. பிழையான அளவில் வந்தால் திருப்பி அனுப்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால், தையல்காரரின் நாடாவை எடுத்து, முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னே நெஞ்சின் சுற்றளவை, அவள் நிற்கும்போதும் மூச்சை இழுத்திருக்கும்போதும் பல தடவை அளந்தோம். எங்கள் ஊர் நாய்களின் உடல்வாகு அளவு அட்டவணைகளைக் குழப்பும்: நெஞ்சு ஆழமானது, இடுப்பு ஒடுங்கியது, கழுத்து மெலிந்தது. எடையை வைத்துத் தெரிவு செய்தால் ஓர் அளவு, நெஞ்சை வைத்துத் தெரிவு செய்தால் இன்னோர் அளவு. நெஞ்சையே நம்பினோம்.

வந்த உடுப்பில் கொக்கியோ வாரோ இல்லை. காரின் சொந்த ஆசனப்பட்டியே முதுகுப்புறத்து வளையங்களினூடாகப் போய், மனிதருக்குப் பூட்டுவது போலவே பூட்டப்படுகிறது. பாரம் கைமாறும் இடங்கள் அவ்வளவுக்குக் குறைகின்றன. நெஞ்சுப் பகுதி என் கையகலத்தைவிடப் பெரிது. சித்தப்பாவிடம் கொடுத்தேன். அவரும் உள்ளே புரட்டித்தான் பார்த்தார். "இது பரவாயில்லை" என்றார். டிப்போவில் புதிய பிரேக் லைனருக்கும் அவர் அதற்கு மேல் புகழ்ச்சி கொடுத்திருக்க மாட்டார். பிரவுணியின் அபிப்பிராயம் வேறு. இந்த உடுப்பில் அவளால் சுற்றித் திரும்ப முடியாது. இருக்கலாம், படுக்கலாம், அவ்வளவுதான். முதலில் வீட்டுக் கூடத்திலேயே, சாப்பாட்டு நேரத்தில் சிறிது சிறிதாக அணிவித்துப் பழக்கினோம். பிறகு நிறுத்தி வைத்த காரில். அதற்குப் பிறகே ஓடும் காரில். இன்னொரு சிக்கலை இதைத் தைத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். நாய்கள் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடம்பைக் குளிர்விக்கின்றன. கொழும்பின் ஏப்ரல் புழுக்கத்தில் மெத்தை வைத்த உடுப்பு நெஞ்சை மூடியிருந்தால் அவளுக்கு அது வேதனை. குளிரூட்டியை முதலில் ஓடவிட்டு, கார் குளிர்ந்த பின்னரே உடுப்பை மாட்டுகிறோம். வழியில் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் கழற்றிவிடுகிறோம். மாட்டும்போது நாடாவுக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது.

முச்சக்கரவண்டியில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. அதில் நாயைப் பூட்டுவதற்குப் பட்டியே கிடையாது. காலடியில் இருத்தி, ஹார்னஸின் முதுகுப் பிடியைக் கையில் பற்றிக்கொண்டு, மெதுவாகப் போகும்படி சாரதியிடம் சொல்வதுதான் நாங்கள் செய்வது. நாயைக் கண்டதும் ஏற்ற மறுத்துப் போய்விடுபவரிடம் அதைச் சொல்லவும் முடியாது.

சென்ற வாரம் எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டு அன்ரி, தன் பக் நாயோடு காலிக்குப் போவதற்காக அந்த உடுப்பை இரவல் கேட்டார். கொடுக்கவில்லை. 18 கிலோ நாய்க்கு வெட்டியது எட்டுக் கிலோ நாயின் மேல் தொளதொளவென்று நிற்கும், அதாவது கடையில் வாங்கும் வாரைவிட ஆபத்தாக இருக்கும். பக் நாய்களுக்கு மூச்சும் ஏற்கெனவே சிரமம். அவரிடம் இருந்த சிறிய பயணப் பெட்டியில் அதை வைத்துக் கொண்டு போகச் சொன்னேன். பெட்டியைப் பின் ஆசனத்தில் வைத்து ஆசனப்பட்டியைச் சுற்றி இறுக்கப் போவதாக அவர் சொன்னபோது அதையும் தடுக்க வேண்டியிருந்தது. பட்டியோடு சேர்த்துச் சோதிக்கப்படாத பெட்டியை, மோதலில் அந்தப் பட்டியே நசுக்கிவிடக் கூடும். முன் ஆசனத்தின் பின்னால், தரையில், ஆசனத்தோடு ஒட்டி நெருக்கமாக வைப்பதே அப்படிப்பட்ட பெட்டிக்கு நல்ல இடம். முன் ஆசனத்தைச் சற்றுப் பின்னே தள்ளினால் பெட்டி அசையாது. அவருடைய மகன் வந்து ஆசனத்தைத் தள்ளிப் பார்த்தான். பெட்டி பொருந்தியது, ஆனால் அன்ரியின் கால்களுக்கு இடம் போதவில்லை. அவர் மறுபக்கத்தில் அமர்ந்துகொண்டார், பின் ஆசனப் பட்டியையும் போட்டுக்கொண்டு.